முதல் சிஸ்டம்: குறைந்த பட்ஜெட்டில் பாகம் பார்த்து வாங்க ஒரு முழு வழிகாட்டி

அக்கா மகள் பொறியியல் முதலாண்டு சேர்ந்தபோது ஒரு கொட்டேஷனைப் படம் எடுத்து அனுப்பினாள். “மாமா, இந்த விலைக்கு இது நல்ல சிஸ்டம்தானே?” என்று கேட்டிருந்தாள். தாளில் ஐந்தே வரிதான். ஐ7 பிராசசர், 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 2 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, எஸ்எம்பிஎஸ்ஸோடு (எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டி) கேபினட்.

எந்த ஐ7 என்று கேட்கச் சொன்னேன். ஐ7-3770 என்று பதில் வந்தது. அது 2012-ல் வந்த பிராசசர். அதற்குப் பொருந்தும் மதர்போர்டில் டிடிஆர்3 என்ற பழைய வகை ராம்தான் ஏறும். விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் அதற்கு அதிகாரபூர்வமாக ஆதரிப்பதில்லை. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. 2022-ல் வந்த சாதாரண ஐ3-12100 அந்த ஐ7-ஐ எல்லா வேலையிலும் முந்திவிடும். 2 ஜிபி கிராபிக்ஸ் கார்டு என்று எழுதியிருந்தது ஜிடி 730. இன்றைய சில பிராசசர்களுக்குள்ளேயே அதைவிட வலுவான கிராபிக்ஸ் இருக்கிறது.

கொட்டேஷனில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் தெரியவேண்டிய விவரம் எதுவும் அதில் இல்லை. மாடல் எண் தெரியாமல் வாங்கினால் பத்து வருடப் பழைய சிஸ்டத்துக்குப் புது சிஸ்டத்தின் காசைக் கொடுத்துவிடுவோம். அவளுக்கு அன்றிரவு உட்கார்ந்து எழுதிக் கொடுத்ததைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே சொல்கிறேன்.

1. முதலில் வேலையை எழுதுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் ஒரு தாளில், இந்த சிஸ்டத்தில் அடுத்த மூன்று வருடம் என்ன செய்யப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். “எல்லாமே” என்று எழுதாதீர்கள். டேலியும் எக்செல்லும் மட்டும் என்றால் தேவை மிகச் சிறியது. பைத்தான், சி எழுதிப் பழகுவதற்கும் அப்படித்தான். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவில் எமுலேட்டர் (சிஸ்டத்துக்குள்ளேயே ஓடும் பாவனை ஃபோன்) ஓட்டவேண்டும் என்றால் 8 ஜிபி ராம் திணறும், 16 வேண்டும். யூடியூபுக்கு வீடியோ வெட்டி ஒட்டுபவருக்கு நல்ல பிராசசரும் நிறைய இடமும் வேண்டும். புதிய பெரிய கேம்கள் ஆடவேண்டும் என்றால் மட்டுமே தனி கிராபிக்ஸ் கார்டு கட்டாயமாகிறது.

அக்கா மகள் எழுதியது இது: கல்லூரி ப்ரோக்ராமிங், எப்போதாவது வீடியோ எடிட்டிங், நண்பர்களோடு வேலரன்ட் என்ற ஆட்டம். இந்த மூன்றுக்கும் தனி கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை. பட்ஜெட்டின் பெரிய துண்டு அந்த ஒரு தாளிலேயே மிச்சமானது.

2. காசை எங்கே போடுவது, எங்கே தள்ளிப் போடுவது

முதல் சிஸ்டத்துக்கு நான் பார்க்கும் கணக்கு ஒன்றுதான். பின்னால் சுலபமாகச் சேர்க்க முடிகிற பாகத்துக்கு இப்போது குறைவாகச் செலவழியுங்கள். பின்னால் மாற்றினால் எல்லாவற்றையும் கழற்றவேண்டி வரும் பாகத்துக்கும், கெட்டால் மற்றவற்றையும் சேர்த்துக் கெடுக்கும் பாகத்துக்கும் இப்போதே நன்றாகச் செலவழியுங்கள்.

ராம் இன்னொன்று செருகலாம். எஸ்எஸ்டி இன்னொன்று மாட்டலாம். கிராபிக்ஸ் கார்டை ஒரு வருடம் கழித்துப் பத்து நிமிடத்தில் பொருத்தலாம். போர்டை மாற்றினால் முழு சிஸ்டத்தையும் பிரித்து மறுபடி கட்டவேண்டும். எஸ்எம்பிஎஸ் மட்டமாக இருந்தால் அது தனியாகப் போகாது, மற்றதையும் இழுத்துக்கொண்டு போகும். ஆகவே கவனம் போகவேண்டிய இடம் போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும். பெரும்பாலான கொட்டேஷன்களில் மாடல் பெயர்கூட எழுதப்படாத இரண்டு பாகங்களும் இவைதான்.

இன்னொன்று: தொகையைக் கணக்குப் போடும்போது மானிட்டர், கீபோர்டு, மவுஸ், யூபிஎஸ், விண்டோஸ் லைசென்ஸ், வைஃபை டாங்கிள் எல்லாவற்றையும் முதலிலேயே எழுதிவிடுங்கள். பெட்டிக்கு மட்டும் கணக்குப் போட்டுவிட்டு, கடைசியில் மானிட்டருக்குக் காசில்லாமல் எஸ்எம்பிஎஸ்ஸில் குறைப்பவர்கள் நிறைய.

3. பிராசசர்: எண்ணையும் கடைசி எழுத்தையும் படியுங்கள்

இன்டெலின் ஐ3, ஐ5, ஐ7, ஏஎம்டி-யின் ரைசன் 5, ரைசன் 7 என்பதெல்லாம் வரிசையின் பெயர் மட்டுமே. பின்னால் வரும் எண்தான் தலைமுறையைச் சொல்லும். ஐ5-12400 என்றால் 12-ஆம் தலைமுறை. ஐ5-3470 என்றால் மூன்றாம் தலைமுறை. கடைசியில் வரும் எழுத்து அதைவிட முக்கியம். இன்டெலில் ‘எஃப்’ என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. தனி கார்டு மாட்டாமல் திரையில் ஒன்றும் வராது. ஐ3-12100எஃப் விலை குறைவு என்று வாங்கிவிட்டு, படம் வராமல் கடைக்கு ஓடியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏஎம்டி-யின் 5000 வரிசையில் கிட்டத்தட்ட நேர்மாறு. ரைசன் 5 5600-இல் கிராபிக்ஸ் இல்லை, 5600ஜி-யில் உண்டு.

தனி கார்டு இல்லாமல் தொடங்குபவருக்கு நான் அதிகம் சொல்வது ரைசன் 5 5600ஜி. ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், உள்ளேயே வேகா என்ற கிராபிக்ஸ், பெட்டியிலேயே கூலர். வேலரன்ட் போன்ற ஆட்டங்கள் செட்டிங்கைக் குறைத்தால் இதில் நன்றாக ஓடும். வெறும் படிப்பு, அலுவலக வேலை என்றால் ஐ3-12100 போதும், அது இன்னும் மலிவாக முடியும். அதன் உள் கிராபிக்ஸ் வேகாவைவிட மெலிந்தது. ஆட்டம் வேண்டாதவருக்கு அது குறையில்லை.

5600ஜி பொருந்தும் ஏஎம்4 சாக்கெட் (போர்டில் பிராசசர் உட்காரும் இடம்) 2017-லிருந்து இருப்பது. இனி அதில் பெரிய முன்னேற்றம் வராது. கொஞ்சம் கூடுதலாகப் போட முடிந்தால் ஏஎம்5 பக்கம் போகலாம். அதை 2027 வரையாவது ஆதரிப்பதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. ஆனால் அங்கே டிடிஆர்5 ராம் மட்டும்தான் ஏறும். அங்கே ஒரு மறைவான பள்ளமும் இருக்கிறது. ரைசன் 5 8500ஜி உள் கிராபிக்ஸோடு வருவதால் கவர்ச்சியாக இருக்கும். ஆனால் தனி கிராபிக்ஸ் கார்டுக்கு அது கொடுப்பது நான்கு பிசிஐஇ லேன் (பிராசசரும் கார்டும் பேசிக்கொள்ளும் பாதை) மட்டுமே. பின்னால் நல்ல கார்டு மாட்டும் எண்ணம் இருந்தால் அது கையைக் கட்டிவிடும். அப்படிப்பட்டவருக்கு ரைசன் 5 7600 சரி. அதன் உள் கிராபிக்ஸ் படம் காட்டும் அளவுக்குத்தான் இருக்கும், ஆனால் பிற்பாடு வரும் கார்டுக்குப் பதினாறு லேனும் திறந்திருக்கும்.

பிராசசரை ‘பாக்ஸ் பீஸ்’ ஆகவே கேளுங்கள். ‘ட்ரே பீஸ்’ என்று தருவதில் கூலர் இருக்காது, வாரண்டியும் கம்பெனியிடம் நேராகச் செல்லாது.

4. போர்டு

சாக்கெட் பொருந்தவேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். 5600ஜி-க்கு ஏஎம்4, 12100-க்கு எல்ஜிஏ1700. அதன் பிறகு பார்க்கவேண்டியவை பல.

முதலில் ராம் வகை. எல்ஜிஏ1700 போர்டுகளில் டிடிஆர்4 ஏற்பதும் உண்டு, டிடிஆர்5 ஏற்பதும் உண்டு. பெயர் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். ஒன்றின் ராம் இன்னொன்றில் செருகாது. வெட்டு இருக்கும் இடமே வேறு.

அடுத்தது பயாஸ், அதாவது சிஸ்டத்தை முதலில் எழுப்பும், போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருள். போர்டு கடையில் ஒரு வருடம் தூங்கியிருந்தால், அதற்குப் பின் வந்த பிராசசரை அடையாளம் காணாமல் கறுப்புத் திரையிலேயே நிற்கும். போர்டு கம்பெனியின் தளத்தில் உங்கள் பிராசசருக்கு எந்த பயாஸ் பதிப்பு வேண்டும் என்று பட்டியல் இருக்கும். வாங்கும்போதே “இந்த பிராசசருக்கு பயாஸ் அப்டேட் ஆகியிருக்கிறதா, இல்லையென்றால் செய்து தருவீர்களா” என்று கேட்டு வாங்குங்கள். பயாஸ் ஃப்ளாஷ்பேக் வசதி உள்ள போர்டு என்றால் பிராசசர் இல்லாமலே பென்டிரைவ் மூலம் நாமே செய்துகொள்ளலாம்.

போர்டின் வசதிகளைத் தீர்மானிக்கும் சிப்தான் சிப்செட். ஏஎம்4-இல் ஏ520 சிப்செட் போர்டு மலிவு, பி550 கொஞ்சம் அதிகம். நான் பி550 பக்கம் சாய்வேன். பல பி550 போர்டுகளில் நான்கு ராம் ஸ்லாட், எஸ்எஸ்டியை நேராகச் செருகும் எம்.2 இடம் இரண்டு, பிராசசரைச் சுற்றியுள்ள மின்சுற்றுக்குமேல் சூட்டை இறக்கும் அலுமினியத் தகடு எல்லாம் இருக்கும். சென்னை மே மாதத்தில் ஏசி இல்லாத மாடி அறையில் அந்தத் தகடு தேவைப்படும். ஆனால் எந்த சிப்செட்டாக இருந்தாலும் குறிப்பிட்ட மாடலின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பெயரில் பி550 என்று இருந்தும் இரண்டே ஸ்லாட், தகடு இல்லாதது என்று வருவதும் உண்டு. பின்பக்கம் எச்டிஎம்ஐ இருக்கிறதா என்பதையும் மறக்காதீர்கள். உள் கிராபிக்ஸின் படம் அந்த வழியாகத்தான் வெளியே வரும்.

5. ராம்

எட்டும் எட்டுமாக இரண்டு குச்சி. 16 ஜிபி ஒரே குச்சியாக வேண்டாம். இரண்டு இருந்தால் பிராசசர் இரண்டு பாதையிலும் ஒரே நேரத்தில் பேசும். இதைத்தான் டூயல் சேனல் என்கிறார்கள். உள் கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, ராமையே பங்கு போட்டுக்கொள்ளும். அதனால் 5600ஜி-யில் ஒரு குச்சிக்கும் இரண்டு குச்சிக்கும் ஆட்டத்தில் தெரியும் வித்தியாசம் மிகப் பெரியது. டிடிஆர்4 என்றால் 3200 வேகம் போதும்.

2025-இன் பிற்பாதியில் ராம் விலை கடுமையாக ஏறியது. செயற்கை நுண்ணறிவு மையங்களுக்காக சிப்புகள் மொத்தமாகப் போனதுதான் காரணம். மைக்ரான் நிறுவனம் குருஷியல் பெயரில் பொதுமக்களுக்கு விற்பதையே நிறுத்துவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. எனவே பழைய வழிகாட்டிகளில் பார்த்த ராம் விலையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். காசு மிகவும் இறுக்கமாக இருந்தால் செகண்ட் ஹேண்டில் வாங்கத் துணியலாம் என்று நான் சொல்லும் வெகு சில பாகங்களில் ராமும் ஒன்று. அதில் தேயும் உறுப்பு எதுவும் இல்லை. வாங்கிய அன்றே ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஒரு முழுச் சுற்று ஓட்டி, ஒரு பிழை வந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

6. எஸ்எஸ்டி

விண்டோஸ் ஹார்ட் டிஸ்கில் இருக்கவே கூடாது. 500 ஜிபி என்விஎம்இ (வேகமான வகை) எஸ்எஸ்டி ஒன்று போதும். படங்களும் சினிமாவும் சேர்ப்பவர்கள் பின்னால் ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கிக்கொள்ளலாம். சாட்டா என்ற பழைய வகை எஸ்எஸ்டி நொடிக்கு ஏறத்தாழ 550 எம்பி வரை போகும். மூன்றாம் தலைமுறை என்விஎம்இ 3500 வரை போகும். அதற்கு மேலான நான்காம் தலைமுறையை 5600ஜி-யோடு போட்டாலும் அந்த பிராசசர் மூன்றாம் தலைமுறை வேகத்தில்தான் பேசும். அந்த வித்தியாசக் காசை எஸ்எம்பிஎஸ்ஸுக்குத் தள்ளுங்கள். எம்.2 வடிவத்தில் சாட்டாவும் வரும் என்பதால் பெட்டியில் ‘என்விஎம்இ’ என்ற சொல்லைத் தேடுங்கள். பெயர் தெரியாத பிராண்டு வேண்டவே வேண்டாம். உங்கள் ப்ராஜெக்ட் எல்லாம் அதில்தான் இருக்கப் போகிறது.

7. எஸ்எம்பிஎஸ்: இங்கே மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்

என் முதல் சிஸ்டத்தில் கேபினட்டோடு சேர்ந்தே வந்த எஸ்எம்பிஎஸ் இருந்தது. பக்கத்தில் 450 வாட் என்று ஸ்டிக்கர். ஒரு மழைநாள் இரவு கரண்ட் போய்த் திரும்ப வந்த நொடியில் ஒரு சத்தம், பிறகு கருகிய வாடை. காலையில் பார்த்தால் எஸ்எம்பிஎஸ் மட்டும் போகவில்லை, போர்டும் ஹார்ட் டிஸ்கும் சேர்ந்து போயிருந்தன. அப்பா பணி ஓய்வு பெற்ற நாளின் படங்கள் அந்த டிஸ்கில்தான் இருந்தன. வேறு நகல் இல்லை. அதனால்தான் இந்தப் பகுதியை நீட்டி எழுதுகிறேன்.

எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் ஒரு அட்டவணை ஒட்டியிருக்கும். அதில் பெரிதாக எழுதிய வாட்டைப் பார்க்காதீர்கள். +12 வோல்ட் என்ற கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் இழுப்பது அந்த வழியில்தான். அங்கே 16 ஆம்பியர் என்று இருந்தால் பன்னிரண்டைப் பதினாறால் பெருக்குங்கள், 192 வாட். வெளியே 450 என்று எழுதியிருந்தாலும் உண்மையில் உதவக்கூடியது அவ்வளவுதான். நல்ல 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் 12 வோல்ட்டில் மட்டும் 36 ஆம்பியருக்குப் பக்கத்தில் இருக்கும். கடையில் நின்றபடியே செய்யக்கூடிய இந்தப் பெருக்கல் மட்டமான சரக்கில் பெரும்பகுதியைக் கழித்துவிடும்.

அடுத்தது 80 பிளஸ் முத்திரை. பிரான்ஸ் (Bronze, வெண்கலம்) என்றால் பாதிச் சுமையில் 85 சதவீதம் அளவுக்கு மின்சாரத்தை வீணாக்காமல் கொடுக்கும் என்று அர்த்தம். முத்திரை திறனை மட்டுமே சொல்கிறது, பாதுகாப்பைச் சொல்வதில்லை. அதனால் மின்னழுத்தம் கூடினாலோ ஷார்ட் ஆனாலோ தானே நின்றுவிடும் பாதுகாப்புகள் உண்டா என்று மாடலின் விவரப் பக்கத்தில் பாருங்கள். வாரண்டி எத்தனை வருடம் என்பதும் நல்ல அளவுகோல். ஐந்து வருடம் தரும் பிரான்ஸ் மாடல்கள் இருக்கின்றன. ஒரு வருடம் மட்டும் தருபவரிடம் அவருடைய சரக்கின்மேல் அவருக்கே எவ்வளவு நம்பிக்கை என்று புரிந்துகொள்ளலாம்.

எத்தனை வாட் வேண்டும்? 5600ஜி சிஸ்டம் தனி கார்டு இல்லாமல் முழுவேகத்தில் ஓடினாலும் ஏறத்தாழ 120 வாட்டுக்குள் முடிந்துவிடும். பின்னால் 132 வாட் இழுக்கும் ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு மாட்டினாலும் மொத்தம் 300-ஐத் தொடாது. ஆகவே உண்மையான 450 வாட் போதும், 550 இருந்தால் தாராளம். பெயரில்லாத 750 வாட்டைவிட நம்பகமான 450 வாட் ஆயிரம் மடங்கு மேல்.

செகண்ட் ஹேண்டில் எஸ்எம்பிஎஸ் வேண்டாம். கேபிள் கழற்றக்கூடிய மாடல் என்றால் வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளை அதில் செருகாதீர்கள். முனை ஒன்றாக இருந்தாலும் உள்ளே கம்பிகளின் வரிசை மாறியிருக்கும். செருகிய நொடியில் எஸ்எஸ்டியும் போர்டும் போய்விடலாம்.

8. கேபினட்

இங்கே மிச்சம் பிடியுங்கள். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்டு விளக்கு எரிவதை விட்டுவிட்டு, கம்பிவலை முகப்பு இருப்பதை எடுங்கள். முன்னால் ஒரு காற்றாடி காற்றை உள்ளே இழுக்கவேண்டும், பின்னால் ஒன்று வெளியே தள்ளவேண்டும். நம் ஊர்த் தூசிக்குக் கழற்றிக் கழுவக்கூடிய வடிகட்டி இருந்தால் நல்லது. போர்டின் அளவும் பிற்காலக் கிராபிக்ஸ் கார்டின் நீளமும் உள்ளே அடங்குமா என்று விவரத்தில் பாருங்கள். எஸ்எம்பிஎஸ்ஸோடு சேர்த்து விற்கும் கேபினட்டை எடுக்காதீர்கள், ஏன் என்று மேலேயே சொல்லிவிட்டேன்.

9. கிராபிக்ஸ் கார்டு: இப்போதா, பிறகா

முடிந்தவரை பிறகு. ஒரு வருடம் சிஸ்டத்தை ஓட்டிப் பார்த்தால் உங்களுக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று தெரியும், கையிலும் கொஞ்சம் சேர்ந்திருக்கும்.

இப்போதே வேண்டும் என்றால் கடைகளில் தள்ளிவிடப் பார்க்கும் ஜிடி 710, ஜிடி 730 இரண்டையும் தொடாதீர்கள். ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி 70 வாட்டில் ஓடும், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி கேபிள்கூட வேண்டாம். பழைய அலுவலக சிஸ்டத்துக்கு அது வசதி. அதைவிட வலுவானது ஆர்எக்ஸ் 6600. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி நான்கு லேனில் மட்டுமே பேசும் கார்டு. மூன்றாம் தலைமுறை பிசிஐஇ கொண்ட 5600ஜி-யோடு போட்டால் வேகம் தடுக்கும். இன்டெல் ஆர்க் பி580 12 ஜிபி நினைவகத்தோடு வருகிறது. ஆனால் கார்டின் முழு நினைவகத்தையும் பிராசசர் ஒரே மூச்சில் அணுக விடும் ரீசைசபிள் பார் வசதி போர்டில் இருந்து, அதை இயக்கியிருந்தால்தான் அதன் பலன் கிடைக்கும்.

செகண்ட் ஹேண்டில் ஆர்எக்ஸ் 580 நிறையச் சுற்றுகிறது. அதில் ‘2048எஸ்பி’ என்று இருப்பது முழு 580 அல்ல, உள்ளே சிறிய அலகுகள் 2304-க்குப் பதில் 2048 மட்டுமே. இரவும் பகலும் கிரிப்டோ நாணய மைனிங்கில் உழைத்துத் தேய்ந்த கார்டுகளும் அந்தச் சந்தைக்கு நிறைய வந்தன. கண்ணெதிரே ஒரு அரைமணி நேரம் முழுச்சுமையில் ஓட்டிக் காட்டாமல் எந்தப் பழைய கார்டுக்கும் காசு கொடுக்காதீர்கள்.

10. எர்த்தும் யூபிஎஸ்ஸும்

பாகங்களின் பட்டியலில் யாரும் எழுதாத ஒன்று வீட்டுச் சுவரில் இருக்கிறது. கேபினட்டைத் தொட்டால் விரலில் சுருக்கென்று அடிக்கிறது என்று பலர் சொல்வார்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே மின்னிரைச்சலை வடிகட்டும் சின்னக் கப்பாசிட்டர்கள் லைனுக்கும் எர்த்துக்கும் நடுவில் இருக்கின்றன. பிளக்கில் எர்த் இல்லையென்றால் கேபினட்டின் தகட்டில் 115 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் மிதந்து நிற்கும். ஓட்டம் மிகக் குறைவு என்றாலும் பாகங்களுக்கு அது நல்லதில்லை. எர்த் இல்லாத இடத்தில் வேறு கோளாறு வந்தால் உயிருக்கும் ஆபத்து. ஆகவே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த சாக்கெட்டில் எர்த் உண்மையில் வேலை செய்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் செருகாதீர்கள்.

யூபிஎஸ் 600 விஏ என்றால் 600 வாட் என்று நினைத்துவிடக் கூடாது. பெரும்பாலும் 360 வாட்தான். தனி கார்டு இல்லாத சிஸ்டத்துக்கும் மானிட்டருக்கும் அது தாராளம். வேலையைச் சேமித்து நிறுத்த நேரம் கிடைக்கும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதில் ‘யூபிஎஸ்’ என்றும் ‘நார்மல்’ என்றும் ஒரு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். நார்மலில் இருந்தால் கரண்ட் மாறும் இடைவெளி நீளம், சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆகிவிடும். யூபிஎஸ் பக்கம் வைத்தால் பெரும்பாலும் நிற்காது.

11. வாங்கும் நாள்

சென்னையில் இருப்பவர்களுக்கு எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு, அண்ணா சாலையை ஒட்டியே இருக்கிறது. முன்பணம் கொடுக்காமல் மூன்று கடைகளில் எழுத்தில் கொட்டேஷன் வாங்குங்கள். ஒவ்வொரு வரியிலும் முழு மாடல் பெயர் இருக்கவேண்டும். “எஸ்எஸ்டி 500” என்று மட்டும் இருந்தால் “எந்த மாடல் அண்ணா?” என்று கேளுங்கள். நல்ல கடைக்காரர் சலிக்காமல் சொல்வார். ஆன்லைன் விலையையும் கையில் வைத்திருங்கள். எல்லாப் பாகத்தையும் ஒரே கடையில் எடுத்தால் கொஞ்சம் குறைப்பார்கள். ஏதாவது பொருந்தாமல் போனாலும் ஒரே இடத்தில் பேசி முடிக்கலாம்.

ஜிஎஸ்டி பில் இல்லாமல் எதையும் எடுக்காதீர்கள். 18 சதவீதம் மிச்சமாகும் என்று ஆசை காட்டுவார்கள். மூன்றாவது வருடம் எஸ்எஸ்டி போனால் கம்பெனி சர்வீஸ் சென்டர் கேட்பது அந்தப் பில்லைத்தான். பில்லில் சீரியல் எண்களும் இருந்தால் இன்னும் நல்லது. பெட்டியின் சீல் உடையாமல் இருக்கிறதா பார்த்து, கடையிலேயே போர்டைத் திறந்து பாருங்கள். எல்ஜிஏ1700, ஏஎம்5 போர்டுகளில் மெல்லிய ஊசிகள் சாக்கெட்டில் இருக்கும். ஒன்று வளைந்திருந்தாலும் பிறகு “நீங்கள்தான் வளைத்தீர்கள்” என்று ஆகிவிடும். ஏஎம்4-இல் ஊசிகள் பிராசசரின் அடியில் இருக்கும், அங்கே பாருங்கள்.

12. சேர்ப்பது

கேபினட்டுக்குள் போடும் முன் போர்டை அதன் அட்டைப்பெட்டியின்மேல் வைத்து பிராசசர், கூலர், ராம் மட்டும் பொருத்தி ஒருமுறை இயக்கிப் பாருங்கள். பிராசசரின் மூலையில் உள்ள முக்கோணம் சாக்கெட்டின் முக்கோணத்தோடு சேரவேண்டும். தானாக விழும், அழுத்தக் கூடாது. நான்கு ஸ்லாட் இருந்தால் இரண்டு ராமையும் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருகுங்கள். ஏஎம்டி தரும் சின்னக் கூலர் நேராகத் திருகப்படும் வகை என்றால் போர்டில் இருக்கும் பிளாஸ்டிக் பிடிகளை முதலில் கழற்றவேண்டும். சூட்டைக் கடத்தும் பேஸ்ட் அதிலேயே தடவியிருக்கும். போர்டுக்கான 24 பின் கேபிளோடு பிராசசருக்கான 8 பின் கேபிளையும் மாட்டுங்கள். இரண்டாவதை மறந்துவிட்டு போர்டு செத்துவிட்டது என்று பயப்படுபவர்கள் பலர். பவர் பட்டனுக்கான இரண்டு ஊசிகளைத் திருப்புளி முனையால் ஒரு நொடி தொட்டால் ஓடத் தொடங்கும்.

படம் வந்தால் அணைத்துவிட்டு கேபினட்டில் ஏற்றலாம். போர்டைத் தாங்கும் பித்தளை ஸ்டாண்ட்ஆஃப்கள் போர்டின் ஓட்டைகளுக்கு நேராக இருக்கின்றனவா பாருங்கள். தேவையில்லாத இடத்தில் ஒன்று இருந்தால் போர்டின் அடியில் ஷார்ட் ஆகும். பின்னால் தனி கார்டு மாட்டியபின் மானிட்டர் கேபிளை கார்டில் செருகவேண்டும், போர்டில் அல்ல.

முதல் முறை பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி அல்லது டிஓசிபி என்று இருப்பதை (ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) இயக்குங்கள். இல்லையென்றால் 3200 என்று விலை கொடுத்த ராம் 2133-இலோ 2666-இலோ ஓடிக்கொண்டிருக்கலாம். வேலரன்ட் ஆடுபவர்கள் டிபிஎம், செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் இயக்கத்தில் இருக்கின்றனவா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள், விண்டோஸ் 11-இல் அந்த ஆட்டம் இரண்டையும் கேட்கும். லைசென்ஸுக்குக் காசில்லை என்றால் கிராக் போட்ட விண்டோஸுக்குப் போகாமல் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் போடுங்கள். ப்ரோக்ராமிங் படிக்க அது நல்ல இடம், வேலரன்ட் மட்டும் அதில் ஓடாது.

அக்கா மகளின் சிஸ்டத்தை இருவருமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து சேர்த்தோம். 5600ஜி, நான்கு ஸ்லாட் பி550, எட்டும் எட்டுமாக ராம், 500 ஜிபி என்விஎம்இ, பிரான்ஸ் 550 வாட். கிராபிக்ஸ் கார்டின் இடம் காலியாக இருக்கிறது. திருப்புளியை முழு நேரமும் அவளே பிடித்திருந்தாள். எல்லாப் பெட்டிகளின் சீரியல் எண்ணையும் பில்லையும் படமெடுத்து ஒரு ஃபோல்டரில் போட்டு, அதன் நகலை எனக்கும் அனுப்பிவிட்டுத்தான் விண்டோஸ் போடத் தொடங்கினாள்.